புதுச் சொல்லுக்கு ஒரு வாக்கியம்



'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது நம் வீடுகளில் வழங்கும் பழமொழி. ஆங்கிலச் சொற்களைப் பொறுத்தவரை இது முற்றிலும் உண்மை. நம்மில் பலரிடம் ஆங்கிலச் சொற்களுக்கென்று ஒரு குறிப்பேடு இருக்கிறது. இடப்பக்கம் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள். தேர்வுக்கு முந்தைய நாள் அவற்றை மனப்பாடம் செய்கிறோம். தேர்வில் பொருளும் எழுதிவிடுகிறோம். ஆனால் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தாலோ, வெளியூரிலிருந்து வந்த ஒருவரிடம் நான்கு வார்த்தை பேச நேர்ந்தாலோ, அச்சொற்களில் ஒன்றுகூட உதவிக்கு வருவதில்லை. சுரைக்காய் ஏட்டிலேயே இருந்துவிடுகிறது.

இதனால் நேரும் இழப்பு சிறியதன்று. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்து, நல்ல மதிப்பெண்களுடன் கல்லூரியில் சேரும் ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். அங்கே பாடங்கள் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன. ஆசிரியர் கேள்வி கேட்கிறார். அவளுக்கு விடை தெரியும். விடைக்கு வேண்டிய சொற்களும் தனித்தனியே தெரியும். அவற்றைக் கோத்துச் சொல்ல வாக்கியம் கிடைக்காததால் தலை குனிந்து அமர்ந்திருக்கிறாள். 'இவளுக்கு ஒன்றும் தெரியாது' என்று மற்றவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். சில மாதங்களில் அவளும் அதை நம்பத் தொடங்கிவிடுகிறாள். அறிவுள்ள ஒரு பெண்ணின் வாயை அடைக்க இதைவிட வேறு பூட்டு வேண்டியதில்லை.

இந்தப் பூட்டுக்கு ஓர் எளிய சாவி உண்டு. கற்கும் ஒவ்வொரு புதுச் சொல்லையும் நம் சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதுவதும், அதை வாய்விட்டுச் சொல்வதுமே அது. 'வாக்கியத்தில் அமைத்து எழுதுக' என்று நம் தமிழ்ப் பாடநூலில் சிறு வகுப்பு முதலே ஒரு பயிற்சி உண்டல்லவா? அதனையே ஆங்கிலத்துக்கும் முறையாகக் கையாள்வோம். அதற்குரிய காரணங்களையும் வழிகளையும் கீழே காண்போம்.

இக்கட்டுரையில் ஆங்கிலச் சொற்களையும் வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தந்துள்ளோம். அவற்றை ஆங்கில எழுத்தில், எழுத்துப் பிழையின்றி எழுதிப் பார்ப்பது உங்களுக்கு முதற் பயிற்சியாக இருக்கட்டும்.

1. பொருள் தெரிந்தால் போதாதா?

போதாது. ஏன் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம்.

'பாரோ', 'லெண்ட்' என்னும் இரு சொற்களைக் கொள்வோம். இரண்டுக்கும் 'இரவல்' என்று பொருள் எழுதிவைத்தால் வகுப்பில் தோழியிடம் பேனா கேட்கும்போது தடுமாறுவோம். 'பாரோ மீ யுவர் பென்' என்பது தவறு. பாரோ என்பது இரவல் வாங்குதல். லெண்ட் என்பது இரவல் கொடுத்தல். 'மே ஐ பாரோ யுவர் பென்?' என்றோ, 'ப்ளீஸ் லெண்ட் மீ யுவர் பென்' என்றோ கேட்க வேண்டும். இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒருமுறை எழுதி, ஒருமுறை உண்மையாகவே தோழியிடம் கேட்டுவிட்டால், யார் வாங்குபவர், யார் கொடுப்பவர் என்ற குழப்பம் தீர்ந்துவிடும்.

'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குக் 'கலந்து பேசு' என்று பொருள். தமிழில் ஒன்றைப் 'பற்றி'ப் பேசுகிறோம். அதே வழக்கத்தில் ஆங்கிலத்திலும் 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதிவிடுகிறோம். 'வீ டிஸ்கஸ்ட் தி லெஸன்' என்றால் போதும், 'அபவுட்' வேண்டியதில்லை. 'எனக்கு விளக்குங்கள்' என்பதை 'எக்ஸ்ப்ளெயின் மீ' என்கிறோம். 'ப்ளீஸ் எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ' என்பதே சரி. நன்றியுள்ள என்னும் பொருள்தரும் 'கிரேட்ஃபுல்' என்ற சொல்லுக்குப் பின், நன்றிக்குரியவரைச் சொல்ல 'டு' வரும். நன்றிக்குரிய செயலைச் சொல்ல 'ஃபார்' வரும். 'ஐ ஆம் கிரேட்ஃபுல் டு மை மதர் ஃபார் ஹெர் ஹெல்ப்.' அகராதியில் காணும் ஒற்றைத் தமிழ்ப் பொருள் இவற்றையெல்லாம் சொல்லாது. வாக்கியம் எழுத முயலும்போதுதான் 'இதன் பின் என்ன வரும்?' என்ற கேள்வியே நம் மனத்தில் எழுகிறது. கேள்வி எழுந்தால்தானே விடை தேடுவோம்!

சில வேளைகளில் இவ்வேறுபாடு உயிர்நிலையானதும்கூட. நம் பள்ளியில் பயிலும் பலர் செவிலியர் பணியை விரும்புகிறார்கள். தமிழில் 'மயக்கம்' என்றால் தலைசுற்றலும் ஆகும், நினைவிழத்தலும் ஆகும். ஆங்கிலத்தில் இவை இரண்டும் வேறு வேறு. தலைசுற்றுகிறது என்பதற்கு 'தி பேஷண்ட் ஃபீல்ஸ் டிஸ்ஸி' என்று சொல்ல வேண்டும். நினைவின்றிக் கிடக்கிறார் என்பதற்கு 'தி பேஷண்ட் இஸ் அன்கான்ஷியஸ்' என்று சொல்ல வேண்டும். இரண்டுக்கும் நேராக 'மயக்கம்' என்று எழுதி மனப்பாடம் செய்த பெண், ஒன்றுக்கு மற்றொன்றைச் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? இவ்விரு சொற்களுக்கும் இரண்டு தனி வாக்கியங்களை எழுதியவள் அவ்வாறு தடுமாறமாட்டாள்.

2. கேட்டுப் புரிவது வேறு, தானே சொல்வது வேறு

கனடா நாட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளைப் பிரெஞ்சு மொழி வழியிலேயே பாடம் பயிலச் செய்யும் பள்ளிகள் உண்டு. அப்பிள்ளைகளின் மொழித்திறனை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன் என்ற அறிஞர், 1985-ஆம் ஆண்டு ஒரு கருத்தை வெளியிட்டார். பல ஆண்டுகள் பிரெஞ்சு மொழியைக் கேட்டும் படித்தும் வந்த அப்பிள்ளைகள் அம்மொழியை நன்கு புரிந்துகொண்டனர். ஆயினும் தாமே பேசும்போதும் எழுதும்போதும் குறைகள் மிகுந்திருந்தன. கேட்பதும் படிப்பதும் மட்டும் போதா. கற்பவர் தாமே மொழியை உருவாக்கிச் சொல்லவும் எழுதவும் வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார்.

இதில் வியப்பில்லை. தையல் இயந்திரம் ஓடுவதை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தால் தைக்க வந்துவிடுமா? நூல் கோத்து, துணியைப் பிடித்து, கால் மிதித்துப் பார்த்தால்தான் கை வசப்படும். சொல்லும் அப்படியே. நம்மிடம் இருவகைச் சொற்கள் உள்ளன. கண்டால் அடையாளம் தெரியும் சொற்கள் ஒருவகை. வேண்டும்போது தாமே நாவில் வந்து நிற்கும் சொற்கள் மற்றொரு வகை. முதல் வகையை இரண்டாம் வகையாக மாற்றும் பாலமே வாக்கியம்.

2001-ஆம் ஆண்டு ஹல்ஸ்டைன், லாஃபர் என்னும் ஆய்வாளர் இருவர் நெதர்லாந்திலும் இஸ்ரேலிலும் ஆங்கிலம் பயின்ற மாணவரிடையே ஒரு சோதனை நடத்தினர். ஒரு பிரிவினர் புதுச் சொற்களுக்குப் பொருள் தரப்பட்ட ஒரு பகுதியைப் படித்தனர். மற்றொரு பிரிவினர் அச்சொற்களைக் கோடிட்ட இடங்களில் நிரப்பினர். மூன்றாம் பிரிவினர் அச்சொற்களைப் பயன்படுத்திச் சொந்தமாக எழுதினர். சொந்தமாக எழுதியவர்களுக்கே சொற்கள் அதிகமாக நினைவில் நின்றன. ஆனால் அவர்களுக்கு நேரமும் அதிகம் தேவைப்பட்டது என்பதையும் மறவாமல் இருப்போம். நேரம் செலவிடாமல் சொல் சொந்தமாவதில்லை.

3. சொல்லுக்கும் சுற்றம் உண்டு

ஃபர்த் என்ற ஆங்கிலேய மொழியியல் அறிஞர் லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். ஒரு சொல்லை அதனோடு சேர்ந்து வரும் சொற்களைக் கொண்டே அறியலாம் என்ற கருத்தை அவர் 1957-இல் எழுதினார். 'இனம் இனத்தோடே' என்று நாம் சொல்வதில்லையா, அதுபோலத்தான்.

நாம் 'ஸ்ட்ராங் காபி' என்கிறோம். 'பவர்ஃபுல் காபி' என்று எவரும் சொல்வதில்லை. இரண்டு சொற்களுக்கும் அகராதியில் 'வலிமையுள்ள' என்றுதான் பொருள் இருக்கும். பலத்த மழைக்கு 'ஹெவி ரெயின்' என்பர். பலத்த காற்றுக்கோ 'ஸ்ட்ராங் விண்ட்' என்பர். தமிழில் இரண்டுக்கும் 'பலத்த' என்ற ஒரே சொல் போதுமாயிருக்கிறது. ஆங்கிலத்தில் மழைக்கு ஒரு துணை, காற்றுக்கு ஒரு துணை. எனவே 'ஹெவி' என்ற சொல்லைத் தனியே கற்காமல், 'ஹெவி ரெயின்', 'ஹெவி டிராஃபிக்' என்று அதன் உறவினரோடு சேர்த்தே கற்போம்.

சொல்லுக்குக் குணமும் உண்டு. 'ஃப்ரூகல்' என்றாலும் செலவைக் குறைப்பவர். 'ஸ்டிஞ்சி' என்றாலும் செலவைக் குறைப்பவர். முன்னது சிக்கனம், பின்னது கஞ்சத்தனம். 'மை கிராண்ட்மதர் இஸ் ஃப்ரூகல். ஷி ஸேவ்ஸ் ஈவன் தி த்ரெட் ஃப்ரம் எ பார்சல்' என்று எழுதினால், பொட்டலம் கட்டிய நூலையும் பிரித்துச் சுற்றி வைக்கும் பாட்டியைப் பெருமையோடு நினைக்கிறோம் என்று பொருள். அவ்விடத்தில் 'ஸ்டிஞ்சி' என்று எழுதிவிட்டால் பாட்டியைத் தூற்றியதாக ஆகிவிடும்!

இடத்துக்குத் தக்க சொல் என்பதும் உண்டு. 'பை' என்றாலும் 'பர்ச்சேஸ்' என்றாலும் வாங்குதலே. ஆயினும் இடைவேளையில் ஒரு வாழைப்பழம் வாங்கியதைத் தோழியிடம் சொல்லும்போது 'ஐ பர்ச்சேஸ்ட் எ பனானா' என்றால் கேட்பவர் சிரித்துவிடுவார். பள்ளிக்கு நூறு நாற்காலிகள் வாங்கிய அறிக்கையில் அதே சொல் அழகாக அமரும். நீளமான சொல்லே உயர்ந்த சொல் என்று எண்ண வேண்டாம்.

4. அகராதி செய்தவர்கள் காட்டிய வழி

சொல்லுக்கு உயிர் வாக்கியத்தில்தான் இருக்கிறது என்பதை அகராதி செய்த பெரியோர்களே நன்கு உணர்ந்திருந்தார்கள். டாக்டர் சாமுவேல் ஜான்சன் 1755-ஆம் ஆண்டு தம் புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்டார். 42 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களுக்கு அவர் பொருள் எழுதினார். அதோடு நில்லாமல், அச்சொற்களை நல்ல எழுத்தாளர்கள் எவ்வாறு ஆண்டிருக்கிறார்கள் என்பதைக் காட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களைச் சேர்த்தார்.

அடுத்து வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் வரலாறு இன்னும் சுவையானது. 1879-இல் அதன் ஆசிரியர் பொறுப்பை ஏற்ற ஜேம்ஸ் மர்ரே, நூல்களைப் படித்துச் சொற்கள் ஆளப்பட்ட வாக்கியங்களைச் சிறு தாள்களில் எழுதி அனுப்புமாறு பொதுமக்களை வேண்டினார். பல இடங்களிலிருந்தும் தாள்கள் வந்து குவிந்தன. முதற் பகுதி 1884-இல் வெளிவந்தது. மர்ரே 1915-இல் மறைந்தார். பணி 1928-இல்தான் நிறைவுற்றது. அவ்வகராதியில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களும், ஏறத்தாழ 18 லட்சம் மேற்கோள் வாக்கியங்களும் இடம்பெற்றன. இத்தனை ஆண்டுகள் பாடுபட்ட அறிஞர்களே வாக்கியங்களைத் தேடித்தான் ஒரு சொல்லின் பொருளை முடிவு செய்தார்கள் என்றால், நாம் வாக்கியமின்றிச் சொல்லைக் கற்க நினைப்பது முறையா?

மேற்கூறிய இரண்டும் ஆங்கிலம் அறிந்தவர்களுக்கானவை. நம்மைப்போல ஆங்கிலத்தைப் பிற மொழியாகக் கற்பவர்களுக்கென்றே ஓர் அகராதி செய்தவர் ஹார்ன்பி. அவர் 1924-இல் ஜப்பானுக்குச் சென்று ஆங்கிலம் கற்பித்தவர். கற்பவர் ஒரு சொல்லின் பொருளைத் தெரிந்துகொண்டாலும் அதைப் பயன்படுத்தத் தடுமாறுவதைக் கருத்திற்கொண்டு, சொல் வாக்கியத்தில் வரும் அமைப்புகளையும் எடுத்துக்காட்டுகளையும் தரும் அகராதியைத் தம் நண்பர்கள் இருவருடன் சேர்ந்து தொகுத்தார். அது 1942-இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு அச்சகம் அதை வெளியிட்டது. பள்ளி நூலகங்களில் காணும் மாணவர்க்கான ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இதன் வழிவந்ததே. அதைப் புரட்டும்போது பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாமல், கீழே சாய்வெழுத்தில் உள்ள வாக்கியங்களையும் படிக்க வேண்டும். கைபேசியில் பொருள் தேடுகிறவர்களுக்கும் இதுவே நம் வேண்டுகோள்.

5. முதலில் பார்ப்போம், பிறகு எழுதுவோம்

வாக்கியம் எழுத வேண்டும் என்றவுடன், பொருளை மட்டும் வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கிவிடக் கூடாது. அமெரிக்காவில் மில்லர், கில்டியா என்னும் அறிஞர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அகராதிப் பொருளைக் கொடுத்து வாக்கியம் எழுதச் செய்து, அதன் விளைவை 1987-இல் வெளியிட்டனர். 'எரோட்' என்றால் அரித்துத் தின்னுதல். ஆறு கரையை அரிப்பதற்கு அச்சொல் வரும். அகராதியில் அதன் பொருளில் 'ஈட் அவுட்' என்ற சொற்களும் இருந்தன. வெளியே சென்று உண்பதற்கும் ஆங்கிலத்தில் அவ்வாறே சொல்வர். அதைக் கண்ட ஒரு குழந்தை, தன் குடும்பம் அடிக்கடி உணவகத்தில் உண்பதாக எண்ணிக்கொண்டு 'எரோட்' என்ற சொல்லைப் போட்டு எழுதிவிட்டது! ஆங்கிலமே தாய்மொழியான பிள்ளைகளுக்கே இந்நிலை என்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

ஆகவே ஒழுங்கு இதுதான். முதலில் பாடத்தில் அச்சொல் வந்த வாக்கியத்தைப் படிப்போம். அடுத்து அகராதியில் இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம். அச்சொல்லுக்கு முன்னும் பின்னும் என்ன வருகிறது என்று குறித்துக்கொள்வோம். பிறகே நம் வாக்கியத்தை எழுதுவோம்.

6. நல்ல வாக்கியம் எது?

'ரிலக்டன்ட்' என்ற சொல்லைப் பார்ப்போம். மனமில்லாத, தயங்குகிற என்று பொருள். ஒரு மாணவி இவ்வாறு எழுதுவதாகக் கொள்வோம்: 'ஷி இஸ் எ ரிலக்டன்ட் கேர்ள்.' இலக்கணப் பிழை இல்லை. ஆனால் அச்சொல்லை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். அங்கே 'குட்', 'டால்', 'ஹேப்பி' என்று எந்தச் சொல்லையும் போடலாம். அப்படியானால் அந்த வாக்கியம் அச்சொல்லைப் பற்றி நமக்கு எதையும் கற்பிக்கவில்லை.

இப்போது இதைப் பாருங்கள்: 'ஷி வாஸ் ரிலக்டன்ட் டு லீவ் தி ஹாஸ்டல், பிகாஸ் ஆல் ஹெர் ஃப்ரெண்ட்ஸ் வேர் தேர்.' தோழியரெல்லாம் விடுதியில் இருந்ததால் அதைவிட்டுப் போக அவளுக்கு மனமில்லை. இங்கே சொல்லை மறைத்தாலும் அதன் பொருள் வாக்கியத்திலிருந்தே வெளிப்படுகிறது. 'ஹேப்பி' என்று போட்டால் பொருந்தாது. 'ரிலக்டன்ட்' என்பதற்குப் பின் 'டு' வரும் என்பதும் தானே பதிந்துவிடுகிறது. இந்தச் சோதனையை 'மறைத்துப் பார்த்தல்' என்று அழைப்போம். நம் வாக்கியம் ஒவ்வொன்றையும் இச்சோதனைக்கு உட்படுத்துவோம். பெரும்பாலும் 'பிகாஸ்', 'பட்', 'ஸோ' போன்ற இணைப்புச் சொல் ஒன்றைச் சேர்த்துக் காரணம் காட்டினால் வாக்கியம் தேறிவிடும்.

இரண்டாவதாக, வாக்கியம் நம் வாழ்க்கையிலிருந்து வர வேண்டும். கையேட்டில் அச்சாகியிருக்கும் வாக்கியத்தை மனப்பாடம் செய்வதால் பயன் சிறிது. நாம் காணாத பனியையும், ஏறாத கப்பலையும் பற்றி ஏன் எழுத வேண்டும்? நம் பேருந்து இருக்கிறது. நியாயவிலைக் கடை இருக்கிறது. தம்பியின் குறும்பு இருக்கிறது. மாதத்தின் கடைசி வாரம் இருக்கிறது. 'தி பஸ் வாஸ் ஸோ க்ரௌடட் தட் ஐ குட் நாட் மூவ் மை ஆர்ம்ஸ்' என்று எழுதிய பெண், 'க்ரௌடட்' என்ற சொல்லை மறக்க முடியுமா? அடுத்த நாளே அவள் அதே நெரிசலில் நிற்கப் போகிறாளே!

மூன்றாவதாக, ஒரே அமைப்பில் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. இன்று கூற்றாக எழுதினால் நாளை வினாவாக எழுதுவோம். மறுநாள் எதிர்மறையாக எழுதுவோம். சொல்லின் குடும்பத்தையும் விடாமல் பார்ப்போம். 'ரிலக்டன்ட்' என்பதன் தங்கைகள் 'ரிலக்டன்ட்லி', 'ரிலக்டன்ஸ்' ஆகியவை. 'ஷி பேக்ட் ஹெர் பாக்ஸ் ரிலக்டன்ட்லி.' ஒரு சொல்லைக் கற்றதால் மூன்று சொற்கள் கிடைக்கின்றன.

7. எந்தச் சொற்கள்? எத்தனை?

ஆங்கிலக் கடல் பெரிது என்று மலைக்க வேண்டாம். அந்நாளைய வங்காளத்தில், டாக்கா நகரில் ஆசிரியர் பயிற்சிப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்பவர், இந்தியப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கப் படும் பாட்டை நேரில் கண்டவர். மிகுதியாகப் பயன்படும் சொற்களை முதலில் கற்பிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1953-இல் அவர் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்களே உள்ளன. அன்றாட எழுத்திலும் பேச்சிலும் திரும்பத் திரும்ப வருபவை பெரும்பாலும் இத்தகைய சொற்களே.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பள்ளி நாள் ஒன்றுக்கு மூன்று சொற்கள். ஆண்டுக்கு 200 பள்ளி நாட்கள் என்று கொண்டால் 600 சொற்கள். ஒன்பதாம் வகுப்பில் தொடங்கினால் பன்னிரண்டாம் வகுப்பு முடிவதற்குள் 2,400 சொற்கள் ஆகிவிடும். மூன்று சொற்களுக்கு மூன்று வாக்கியங்கள் எழுதக் கால் மணி நேரம் போதும். நாளொன்றுக்கு முப்பது சொற்கள் என்று தொடங்கி மூன்றாம் நாளே கைவிடுவதைவிட, மூன்று சொற்களை விடாமல் தொடர்வதே மேல்.

அரிய சொற்களைத் தேடி அலைய வேண்டாம். பாடத்தில் இரண்டாம் முறை எதிர்ப்படும் சொல், சொல்ல நினைத்துச் சொல்ல முடியாமற்போன கருத்துக்குரிய சொல், இவ்விரண்டுக்கும் முதலிடம் கொடுப்போம்.

8. மறதியை வெல்வது எப்படி?

ஒருமுறை எழுதினால் போதுமா என்றால், போதாது. ஜெர்மனி நாட்டு அறிஞர் எபிங்ஹாஸ் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி, மறதியைப் பற்றிய தம் ஆராய்ச்சியை 1885-இல் வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே விரைவாக மறந்துபோகிறது. பின்னர் மறக்கும் வேகம் குறைகிறது என்று அவர் கண்டார். எனவே முதல் சில நாட்களில் ஒரு சொல்லை மீண்டும் சந்திப்பது மிக இன்றியமையாதது.

2006-இல் ஃபோல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட முடிவு நமக்கு ஓர் எச்சரிக்கை. ஒரு சொல்லுக்கு ஒரே ஒரு வாக்கியம் எழுதியவர்களைவிட, அதே சொல்லை மூன்று முறை கோடிட்ட இடத்தில் நிரப்பியவர்கள் நன்றாக நினைவில் வைத்திருந்தார்களாம். அப்படியானால் வாக்கியம் எழுதுவது வீணா? அன்று. ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் வீண். மீண்டும் மீண்டும் சந்திப்பதும் வேண்டும். சொந்தமாக எழுதுவதும் வேண்டும். இரண்டையும் சேர்த்துவிடுவோம்.

இதற்கு ஓர் எளிய குறிப்பேட்டு முறை கூறுகிறோம். ஒரு பக்கத்துக்கு மூன்று சொற்கள். ஒவ்வொரு சொல்லின் கீழும் ஐந்து வரிகள் விடுங்கள். முதல் வரியில் பாடத்திலோ அகராதியிலோ கண்ட வாக்கியம். இரண்டாம் வரியில் அன்றே எழுதும் சொந்த வாக்கியம். மூன்றாம் வரியை மறுநாளும், நான்காம் வரியை அடுத்த வாரமும், ஐந்தாம் வரியை அடுத்த மாதமும் நிரப்புங்கள். ஒவ்வொரு முறையும் மேலே எழுதியதைத் தாளால் மறைத்துவிட்டுப் புதிய வாக்கியமே எழுத வேண்டும். பழைய வாக்கியத்தைப் பார்த்து எழுதினால் கைக்குத்தான் வேலை. மனத்துக்கு வேலை இல்லை.

எழுதியதை வாய்விட்டு இருமுறை படியுங்கள். தோழியர் இருவராகச் சேர்ந்து குறிப்பேடுகளை மாற்றித் திருத்திக்கொள்ளுங்கள். ஐயம் உள்ள வாக்கியத்தின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இட்டு, வாரம் ஒருமுறை ஆங்கில ஆசிரியையிடம் காட்டுங்கள். பிழை வருமே என்று அஞ்சி எழுதாமல் இருப்பவளுக்குத் திருத்தம் கிடைக்க வழியே இல்லை. கேலி செய்வார்களே என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரு சொல்: திருத்துகிறவள் தோழி, சிரிக்கிறவள் இன்னும் கற்கவேண்டியவள். நம் வகுப்புகளில் ஒருவர் பேசும் ஆங்கிலத்தை மற்றவர் எள்ளாதிருப்பது நாம் அனைவரும் காக்கவேண்டிய பண்பாகும்.

நிறைவாக

ஆங்கிலம் கற்பதால் நம் தமிழ் குறைந்துவிடாது. மயக்கத்துக்கும் நினைவிழத்தலுக்கும், சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஆராயும்போது நம் தாய்மொழியின் நுட்பமும் நமக்குத் தெளிவாகிறது. ஆங்கிலம் தெரிந்தவர் உயர்ந்தவர், தெரியாதவர் தாழ்ந்தவர் என்பதும் இல்லை. ஆனால் நமக்குத் தெரிந்ததை, நாம் எண்ணியதை, நமக்கு வேண்டியதை எந்த அவையிலும் எழுந்து நின்று சொல்லும் உரிமை நமக்கு உண்டு. அவ்வுரிமையைச் சொல் இல்லாத காரணத்தால் நாம் இழக்கலாகாது.

தெரிந்த விடையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் தலைகுனிந்து அமரும் பெண்ணாக நம்மில் எவரும் ஆக வேண்டாம். அதற்கு வேண்டியது பெரும் பொருட்செலவன்று. ஒரு குறிப்பேடு, ஒரு பேனா, நாளொன்றுக்குக் கால் மணி நேரம். இக்கட்டுரையிலிருந்தே மூன்று சொற்களைத் தேர்ந்துகொள்ளுங்கள்: ரிலக்டன்ட், கிரேட்ஃபுல், ஃப்ரூகல். அவற்றை ஆங்கில எழுத்தில் எழுதி, உங்கள் வீட்டையும் உங்கள் தெருவையும் பற்றி மூன்று வாக்கியங்கள் அமையுங்கள். சொல்லை மறைத்துப் பாருங்கள். நாளை வகுப்பில் அவற்றுள் ஒன்றையேனும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இன்றே தொடங்குவோம், நாள்தோறும் தொடர்வோம்.